கோணல் படம்

அலமாரியின் கடைசி இழுப்பறையையும் உருவிக் கட்டிலின் மேல் கவிழ்த்தாள் மகள். திரைச்சீலை வளையங்கள் விழுந்தன, துணி மாதிரிகள் விழுந்தன, சுவர் வண்ண அட்டைகள் விழுந்தன, ஒரு பிடி ஆணி விழுந்தது. அம்மாவின் படம் மட்டும் விழவில்லை.

"கெடச்சுதா?" என்று கேட்டபடி அறை வாசலில் வந்து நின்றாள் சித்தி.

"இல்ல சித்தி."

"இத்தனை வருஷம் வாழ்ந்த மனுஷிக்கு ஒரு போட்டோகூடவா இருக்காது? நல்லாத் தேடுடி."

"இதுக்கு மேல தேடணும்னா தரையத்தான் பேத்தெடுக்கணும்."

சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் காலடியில் வந்து நின்று, தலைப்பக்கம் பார்த்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணிக்கட்டு மட்டும் இருப்பதைக் கண்டு, பார்வையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் கடிகாரங்கள் இருந்தன.

ஒன்றிரண்டு அல்ல. பித்தளைக் கதிர்களை நாலாபக்கமும் விரித்துக்கொண்டு சூரியன் மாதிரி ஒன்று. கம்பி நுனிகளில் வண்ண மர உருண்டைகள் கோத்தது ஒன்று. பாதி மூடிய கண்ணைப் போலத் தேக்கில் செதுக்கியது ஒன்று. எண்ணே இல்லாமல் மொட்டையாக ஒன்று. எல்லாம் அம்மா பிறந்த காலத்தை ஒட்டி எங்கெங்கோ செய்தவை. மூடிப்போன ஹோட்டல்களிலும் இடிக்கப்போகிற அலுவலகங்களிலும் பழைய சாமான் கடைகளிலும் பேரம் பேசி, துடைத்து, மெருகேற்றி, அம்மா வீடு கொண்டுவந்து சேர்த்தவை. இவற்றில் ஒன்றுகூட ஓடாது. ஓடக் கூடாது என்பது அவள் கட்சி.

அம்மாவின் தொழில் காலி வீடுகளுக்கு வேஷம் கட்டுவது. விற்பனைக்கு வந்த வீட்டில் சோபா, விரிப்பு, விளக்கு, பூச்சாடி எல்லாம் கொண்டுபோய் வைத்து, யாரோ நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கிற இடம் மாதிரிக் காட்டுவாள். வீடு விலைபோனதும் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். எந்த வீடானாலும் கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. அது அவள் முத்திரை. "ஓடற கடிகாரம் மாட்டினா, வீடு பாக்க வந்தவன் 'நேரமாச்சு'ன்னு கெளம்பிடுவான்" என்பாள். முட்களை எந்தக் கோணத்தில் வைத்தால் அழகோ அந்தக் கோணத்தில் வைப்பாள். அதனால் சொந்த வீட்டிலேயே ஒரு சுவரில் காலையும் எதிர்ச்சுவரில் மத்தியானமும் இருக்கும். தெருவில் அவளுக்குக் கடிகாரத்தம்மா என்று பெயர். அவளிடம் மணி கேட்டுப் போனவர்கள் யாரும் உருப்பட்டதில்லை.

ஆள் படம் மாட்டுவதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. "சுவத்துல இன்னொருத்தன் மூஞ்சியப் பாத்தா, 'இது அவங்க வீடு'ன்னு வந்தவன் திரும்பிப் போயிடுவான்." சரி, அது விற்கிற வீட்டுக்கு. குடியிருக்கிற வீட்டுக்கும் அதே சட்டம்தான் என்று அவள் எப்போது முடிவு செய்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அப்பா போன பிறகு அவர் படமும் இறங்கிவிட்டது. அந்த ஆணியில்தான் சூரியக் கடிகாரம் ஏறியது. தன்னை யாராவது படம் எடுக்க வந்தால், அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி ஓடுவாள். மகளின் கல்யாண ஆல்பத்தைக் காலையிலேயே புரட்டியாயிற்று. அதில் அம்மா ஏராளமான படங்களில் இருக்கிறாள், எல்லாவற்றிலும் முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டபத்தின் திரைச்சீலையைச் சரிசெய்துகொண்டு. அடையாள அட்டை ஒன்று உண்டு. ஒருமுறை சலவைக்குப் போய் வந்தது. அதில் மிச்சமிருப்பது காதும் கழுத்தும்தான்.

முந்தாநாள் காலையில் அந்தச் சூரியக் கடிகாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அம்மாவின் கண்ணில் பட்டிருக்கிறது. முக்காலியில் ஏறிக் கழற்றியிருக்கிறாள். முக்காலி நழுவியிருக்கிறது. கையை ஊன்றியிருந்தால் மணிக்கட்டு ஒடிந்திருக்கும், அவ்வளவுதான். அம்மா கையை ஊன்றவில்லை. இரண்டு கையாலும் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தைக் கல்மேஜையின் விளிம்புக்குக் கொடுத்துவிட்டாள். கடிகாரத்துக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதை எடுத்துத் திரும்ப அதே ஆணியில் மாட்டியிருந்தார், பாவம், வேறென்ன செய்வதென்று தெரியாமல். மகளுக்கு அதைக் கழற்றித் தெருவில் வீசவேண்டும் போல் இருந்தது. தன்னைவிட அந்தப் பித்தளைதான் அம்மாவுக்குப் பெரிதாகப் போய்விட்டதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி, "இவங்கதானா?" என்று கேட்டார்கள். பார்த்தாள். "ஆமா" என்றாள். துணியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து அவள் கண்ணுக்குள் அந்த முகம்தான். பழைய முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். அம்மா தேநீரை ஊதிக் குடிப்பது வந்தது, குரல் வந்தது, சுவரை அளக்கும்போது சுண்டுவிரலை நீட்டிக்கொள்வது வந்தது. முகம் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஆஸ்பத்திரி முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரவில் அல்ல, பட்டப்பகலில், பல் விளக்கும்போது, ஆட்களுக்கு நாற்காலி எடுத்துப் போடும்போது. பெற்ற தாயை நினைக்கவே பயமாக இருக்கிறதே என்று அவளுக்கு அழுகையும் வந்தது. அம்மாவின் முகம் ஒன்று, ஒரே ஒன்று, இன்றைக்குள் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் இதுதான் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

கைப்பேசி அடித்தது. தம்பி. கடல் தாண்டி இருக்கிறான். விமானம் கிடைத்தும் நாளைக்குத்தான் வந்து சேர்வான்.

"அக்கா, போட்டோ கெடச்சுதா?"

"தேடறேன்டா."

"எங்கிட்ட ஒரு வீடியோ இருக்கு. அம்மா பேசறாங்க, ஆனா சோபாதான் தெரியுது. 'என்னய எடுக்காத, சோபாவ எடு'ன்னு சொல்றாங்க." அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "மூஞ்ச மூடி வச்சிருக்கீங்களாமே. சித்தி சொன்னாங்க. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தாங்க?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"தூங்கற மாதிரிதான்டா" என்றாள்.

அவன் நம்பினானா இல்லையா என்று தெரியாமலே இருவரும் வைத்துவிட்டார்கள்.

மிச்சமிருந்தது அலமாரியின் தலையில் ஒரு பெட்டி. அதற்குள் ஆட்கள் இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா வேஷம் கட்டிய வீடுகளின் படங்கள் அவை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கூடத்தையும் அவளே படம் பிடித்து, கடிகாரத்தைத் தனியே கிட்டப்போய் இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்வாள். மகள் பெட்டியை இறக்கிப் பிரித்தாள். ஒருவரும் உட்காராத சோபாக்கள். ஒருவரும் சாப்பிடாத மேஜைகள். படிக்கிறவர் இல்லாமல் எரியும் விளக்குகள். இப்படி வரிசையாகப் பார்க்கும்போது, வீட்டில் இருந்தவர்களை எல்லாம் யாரோ கொஞ்சம் முன்னால்தான் கூட்டிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. பெட்டியை மூடிவிடலாம் என்று நினைத்தாள்.

மகள் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். முன்னால் பார்த்தபடியே, பக்கத்துக் கண்ணாடியில் பொட்டு மாதிரித் தெரியும் வண்டியைக் கவனித்துவிடும் கண் அவளுக்கு. "கண்ணாடில இருக்கறது சின்னதாத் தெரியும். ஆனா கிட்டத்துல இருக்கு" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற வாய். அந்தக் கண்தான் ஒரு படத்தில் நின்றது. உருண்டைக் கடிகாரத்தின் கண்ணாடி முன்பக்கம் உப்பலாக இருக்கும். அந்த உப்பலுக்குள், முட்களுக்குப் பின்னால், வளைந்துபோன ஒரு குட்டிக் கூடம் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

மகள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். தோள் அம்மாவின் தோள். ஒரு காலை மடக்கி நிற்கும் நிலை அம்மாவின் நிலை. முகத்தின் இடத்தில் கேமரா இருந்தது.

அடுத்த படம். தேக்குக் கண். அதன் பாவையில் அதே பெண், முகத்தில் கேமரா. அதற்கடுத்தது, நீல வண்ணச் சமையலறைக் கடிகாரம். அதே பெண், அதே கேமரா. வீடு மாறியது, கடிகாரம் மாறியது, தலைமயிர் கறுப்பிலிருந்து நரைக்கு மாறியது. ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் அவள் நின்று, ஒற்றைக் கறுப்புக் கண்ணால் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் நடமாட்டம் இல்லை என்று நினைத்த வீடுகள் அத்தனையிலும் அம்மா இத்தனை வருஷமாக ஒளிந்து நின்றிருக்கிறாள். மகள் படங்களை அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கடி கெளம்பற? ஆளுங்க வர்ற நேரத்துல?" என்றாள் சித்தி.

"ஸ்டுடியோவுக்கு. இதோ வந்துடறேன்."

தெருமுனை ஸ்டுடியோவில் இப்போதெல்லாம் பாஸ்போர்ட் படம்தான். ஸ்டுடியோக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பொத்தானைத் தப்புத் துளையில் போட்டார்.

"வாம்மா. அங்கதான் கெளம்பிட்டிருந்தேன்."

"அண்ணே, அம்மாவ நீங்க ஒரு தடவயாவது போட்டோ எடுத்திருக்கீங்களா?"

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்." அவர் பின்னால் தொங்கிய திரையைக் காட்டினார். அதில் ஒரு நீர்வீழ்ச்சி, அதன் கீழே சம்பந்தமே இல்லாமல் இரண்டு அன்னம். "'மொதல்ல இந்த அருவியக் கழட்டுங்க, அப்புறம் உக்கார்றேன்'ன்னாங்க. நானும் வீம்புக்குக் கழட்டல. அவங்களும் வீம்புக்கு உக்காரல." அன்னங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கழட்டியிருக்கலாம்."

மகள் படங்களை மேஜையில் பரப்பினாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவர் கையால் கழுவிக் கொடுத்த படங்கள்தான். ஆனால் அவரும் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, அதற்குள் நிற்பவளைப் பார்த்ததில்லை.

"இதெல்லாம் கேமராவுல கண்ண வச்சு எடுத்தது. கண்ண வச்சா மூஞ்சி மறையத்தான் செய்யும்" என்றார். சட்டென்று நிமிர்ந்தார். "இரு. கழிச்ச படம் இருக்கு."

"கழிச்ச படமா?"

"உங்கம்மா கோணல் படம் வாங்க மாட்டாங்க. ஒரு நூல் சாஞ்சிருந்தாலும் 'இது வேணாம்'னு இந்த மேஜைலயே விட்டுட்டுப் போயிடுவாங்க. அவங்கன்னு இல்ல, எல்லாரும் அப்படித்தான். கண்ணு மூடிட்டேன், வாயப் பொளந்துட்டேன்னு வேணாம்பாங்க. நான் தூக்கிப் போடறதில்ல." பரணில் இருந்து ஒரு பழைய உறையை இழுத்தபடியே சொன்னார்: "ஆள் போனப்புறம் வீட்டுக்காரங்க வருவாங்க. அந்த வாயப் பொளந்ததுதான் வேணும்பாங்க."

உறைக்குள் கோணல் படங்கள் இருந்தன. கூடங்கள் கப்பல் மாதிரிச் சாய்ந்திருந்தன. ஒன்றில் அம்மாவின் கட்டைவிரல் பாதிச் சோபாவை மறைத்தது. ஒன்று முழுக்க விட்டம். பூதக்கண்ணாடி ஒரு படத்தின் மேல் போய் நின்றது. அவர் அதை மகளின் பக்கம் திருப்பி வைத்தார்.

சூரியக் கடிகாரம். சொந்த வீட்டுக் கூடம். அதை முதன்முதலில் மாட்டிய காலத்துப் படமாக இருக்க வேண்டும், சுவரில் பழைய பச்சை வண்ணம். கதிர்கள் ஒரு பக்கமாகச் சரிந்து பாதி வெட்டுப்பட்டிருந்தன. நடுவில் உப்பிய கண்ணாடி. அதற்குள் அம்மா. கேமரா நெஞ்சளவுக்கு இறங்கியிருந்தது; இறங்கும்போதே விரல் பட்டு எடுத்துவிட்டது போலிருக்கிறது. முகம் பக்கவாட்டில் கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பருப்பளவுகூட இல்லாத முகம். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சை விட்டால் கலைந்துவிடும் போல் இருந்தது.

"எதப் பாத்து இப்படிச் சிரிக்கறாங்க?" என்றாள்.

அம்மாவின் இடுப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று, கதிருக்குப் பின்னால் பாதி மறைந்து தெரிந்தது. "சின்னப் புள்ள தலை மாதிரி இருக்கு. நீயா இருக்கலாம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"நாற்காலியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

படத்தைக் கணினியில் ஏற்றி, முகத்தை மட்டும் சதுரமாகப் பிடித்துப் பெரிதாக்கினார். கட்டைவிரல் அளவு வந்தபோது அம்மாவேதான். மகள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். உள்ளங்கை அளவு வந்தபோது கண்கள் கரைந்து இரண்டு நிழல்களாயின. இன்னும் பெரிதாக்கினார். சிரித்த வாய் ஒரு கறுப்புப் பள்ளமானது. மூக்கு இருந்த இடம் பொலபொலவென்று உதிர்ந்தது. திரை முழுக்க நிறைந்து அவளைப் பார்த்தது ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டிய அதே முகம்.

"சின்னதாக்குங்க" என்றாள். "அண்ணே, சின்னதாக்குங்க! சின்னதாக்குங்க!"

அவர் பதறிப்போய்ப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறந்து நீட்டினார். என்ன கண்டாள் என்று கேட்கவில்லை.

"இதுக்கு மேல போனா ஆள் இருக்காது, புள்ளிதான் இருக்கும்" என்றார் மெதுவாக. "என்ன பண்ணலாம்?"

"வெட்ட வேணாம். முழுப் படத்தையும் போடுங்க. கடிகாரத்தோட."

"சாவு வீட்டுல கடிகாரப் படமா வைப்பாங்க?"

"எங்க வீட்டுல வைப்போம்."

கோணலை நிமிர்த்தட்டுமா என்று கேட்டார். அதையும் வேண்டாம் என்றாள். அவர் ஒரு கறுப்புச் சட்டத்தில் படத்தைப் பொருத்தி, கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார்.

கடை வாசலில் நின்றே தம்பிக்குப் படத்தை அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "அக்கா, தப்பா அனுப்பிட்ட, இது கடிகாரம்." "கண்ணாடிக்குள்ள பாரு" என்று இவள் எழுதினாள். அவள் பாதித் தெரு நடந்த பிறகு கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அவனுக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்குப் பாதிதான் கிடைத்தது. கண்ணை மூடினால் அந்தக் குட்டி முகம் வந்தது, சிரித்தது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று மனசு நெருங்கியதுமே கண்கள் நிழலாயின, வாய் பள்ளமாயிற்று. தூரத்தில் நிறுத்திவைத்தால்தான் அம்மா அம்மாவாக இருந்தாள். வீடு வந்து சேர்வதற்குள் இப்படி நாலைந்து தடவை ஆகிவிட்டது. வாசல்படியில் கால் வைக்கும்போது அவளுக்கு அந்தப் படத்தைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

கூடத்தில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அம்மாவின் தலைப்பக்கம் ஒரு சின்ன மேஜையைப் போட்டு, அதன் மேல் படத்தை நிறுத்தினாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொண்ணுக்கு அதிர்ச்சில ஏதோ ஆயிடுச்சு" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது.

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து, படத்தையும் சுவரில் இருந்த அசல் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்ல பொருள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மகள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

சித்தி சமையலறையிலிருந்து வந்தாள். அவளையும் அம்மாவையும் கூடப்பிறந்தவர்கள் என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அம்மா இருக்கிற சுவரோடு சுவராக நிற்பவள். சித்தி வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பவுடர், உதட்டுச்சாயம், ஆடுகிற தோடு, வாரத்துக்கு ஒருமுறை முடிக்கு மை. ஊரிலிருந்து கிளம்பிய அவசரத்தில் அந்தச் சாமான்கள் எதுவும் கூட வரவில்லை. முந்தாநாளிலிருந்து தலையை வாரவும் இல்லை, முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவும் இல்லை.

"என்னடி இது? போட்டோ கேட்டா கடிகாரத்தக் கொண்டு வந்து வச்சிருக்க?"

"உள்ள இருக்காங்க சித்தி. கடிகாரத்துக் கண்ணாடிக்குள்ள. நடுவுல உத்துப் பாருங்க."

"என் மூக்குக்கண்ணாடி வீட்டுலயே கெடக்கு. இரு." சித்தி அலமாரித் தட்டில் கைவிட்டு, அம்மா படிக்கும்போது போட்டுக்கொள்ளும் கறுப்பு விளிம்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சட்டத்தின் மேல் குனிந்தாள்.

வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். மகளுக்கு, பாவம் சித்திக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று பட்டது. சுட்டிக்காட்டுவதற்காகக் கிட்டே போனாள்.

"இதோ இருக்காளே" என்றாள் சித்தி. குரல் உடைந்துவிட்டது. "இதோ இருக்கா எங்கக்கா. ஐயோ, எப்படி எளச்சுப் போயிட்டா பாரு. ஏன்டி, இது எப்ப எடுத்தது? இப்பக் கிட்டத்துலயா?"

மகள் சித்தியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சித்தியின் விரல் கடிகாரத்தின் மேல் இல்லை. அதற்கு வெகு கீழே, படத்தில் வெறும் சுவர் இருட்டாக இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில், சட்டத்தின் கண்ணாடியில், ஒரு முகம் பிரதிபலித்தது. காதோரம் நரை. பவுடர் இல்லாத கன்னம். கறுப்பு விளிம்புக்குப் பின்னால் களைத்த இரண்டு கண்கள். முழு அளவு, இவ்வளவு கிட்டத்தில். அம்மாவின் நெற்றியில் இருந்த அந்த மூன்று கோடுகளும்கூட அப்படியே இருந்தன.

மகள் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். முகம் கரையவில்லை.

"ஏன்டி அழற மாதிரி இருக்கா இதுல?" என்றாள் சித்தி.

"வெளிச்சம் அப்படி சித்தி."

வாசலில் வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது. ஆட்கள் எழுந்து நாற்காலிகளை ஒதுக்கினார்கள். யாரோ வாசல் கதவின் இன்னொரு பாதியையும் திறக்கத் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டிருந்தார்கள். சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினாள். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருங்க சித்தி" என்றாள். "அசையாதீங்க."